தட்டிப் பார்க்காமல் வாங்கிய கல்
தீச்செங்கல் தரக் கட்டுப்பாடும் நமது வணிகமும்

மளிகைக் கடைக்காரர்களும் சிறு வியாபாரிகளும் படிக்கும் இதழில் செங்கல் சூளையைப் பற்றி என்ன கட்டுரை என்று சில அன்பர்கள் நினைக்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நமது கடைகளில் விற்கும் பண்டங்களில் எத்தனை, நெருப்பைக் கடந்து நம்மிடம் வருகின்றன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெல்லம், பொட்டுக்கடலை, பொரி, ரொட்டி, வர்க்கி, புழுங்கல் அரிசி, முறுக்கு, மிக்சர் என்று பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அடுப்போ, உலையோ, பாய்லரோ இருக்கிறது. அந்த நெருப்பை நாள் முழுவதும் தாங்கி நிற்கும் கல்லுக்குத்தான் தீச்செங்கல் என்று பெயர். கடைவீதியில் "பயர் பிரிக்" என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து வெல்லமும் புளியும் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். வெல்ல ஆலைக்காரர்கள் சரக்குக் கொண்டு வரும்போது, "அடுப்புக்கு நல்ல கல் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே ஒரு வியாபாரமாயிற்று. வெல்லம் இறக்கிய லாரியில் கல் ஏற்றி அனுப்பினால் இருவருக்கும் வண்டிச் சத்தம் மிச்சம். இப்படித்தான் நாங்கள் தீச்செங்கல் மொத்த விற்பனைக்கும் வந்தோம். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் நாங்கள். கல்லைப் பற்றிக் கற்றதெல்லாம் கைப்பட்டுக் கற்றது. அதில் ஒரு பாடத்துக்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது. அதை மறைக்காமல் எழுதினால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்றே இதை எழுதுகிறோம்.

முக்கால் ரூபாய் லாபம்

1998 டிசம்பர் மாதம். மார்கழி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. பொங்கல் வெல்லத்துக்கு எல்லா ஆலைகளிலும் இரவு பகலாக அடுப்பு எரியும் காலம். அதற்கு இரண்டு மாதம் முன்பு, புதிதாக வந்த ஒரு சூளைக்காரரிடம் ஒரு லாரிக் கல் வாங்கியிருந்தோம். பத்து டன் லாரி. கல் ஒன்று சுமார் 4 கிலோ என்பதால் 2,500 கல். வழக்கமாக வாங்கும் இடத்தைவிடக் கல்லுக்கு முக்கால் ரூபாய் குறைவு. கணக்குப் போட்டால் லாரிக்கு 1,875 ரூபாய் லாபம். கல் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. நிறம் வெளுப்பு, விளிம்பு கூர்மை. நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

அந்தக் கல்லில் 400 கல் பரமத்திவேலூர் வட்டாரத்து ஆலை ஒன்றுக்குப் போயிற்று. அந்த ஆலைக்காரர் எங்களுக்குப் பல வருடங்களாக வெல்லம் போடுபவர். கொப்பரையின் கீழே நெருப்பு நேராகத் தாக்கும் சுவரை அந்தக் கல்லால் கட்டினார்கள். கரும்புச் சக்கை எரியும் அடுப்பில் சூடு ஆயிரம் டிகிரி அளவுக்கும் போகலாம். மூன்றாவது வாரத்தில் சுவரின் ஒரு பக்கம் இளகி உள்ளுக்கு வாங்கியது. கொப்பரை சாய்ந்தது. பாகு இறக்கும் பதத்துக்கு வந்திருந்த நேரம். அந்தப் பதத்தில் அதன் சூடு 118 டிகிரி அளவில் இருக்கும். சக்கை தள்ளிக் கொண்டிருந்த இருபத்திரண்டு வயது இளைஞரின் காலில் அது கொட்டிவிட்டது.

செய்தி கேட்டு மறுநாள் காலை ஆலைக்குப் போனோம். ஆலைக்காரர் எங்களைவிட மூத்தவர். சத்தம் போடவில்லை. இடிந்த சுவரிலிருந்து ஒரு கல்லை எடுத்து எங்கள் கையில் கொடுத்து, "ஏனுங்க தம்பி, இந்தக் கல்லைத் தட்டிப் பார்த்துத்தானுங்களே வாங்கினீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வெல்லம் வாங்கும்போது ஒவ்வொரு சிப்பத்திலும் உடைத்துப் பார்த்து, வாயில் போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் நாங்கள். கல்லை ஒன்றைக்கூட உடைத்துப் பார்க்கவில்லை.

அந்த இளைஞரின் மருத்துவச் செலவையும், அவர் வேலைக்குத் திரும்பும் வரை கூலியையும் நாங்கள் ஏற்றுக் கொண்டோம். அடுப்பை வேறு கல்லில் கட்டிக் கொடுத்தோம். மீதிக் கல்லையெல்லாம் வாங்கியவர்களிடமிருந்து திரும்ப எடுத்துப் பணம் கொடுத்தோம். எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. 1,875 ரூபாய் லாபத்துக்குப் பதினைந்து மடங்கு நஷ்டம். அந்த ஆலை நின்றுபோனதால் எங்களை நம்பியிருந்த மளிகைக் கடைகளுக்கு அந்தப் பொங்கலுக்கு முழு அளவு வெல்லம் கொடுக்க முடியவில்லை. பணம் பின்னால் வந்துவிட்டது. அந்த இளைஞர் காலில் உள்ள தழும்பு இன்றும் இருக்கிறது.

அடுத்த தை மாதத்தில், கல் எப்படித்தான் செய்கிறார்கள் என்று தெரிந்து கொள்ள வேண்டும் என்று விருத்தாசலம் பக்கம் புறப்பட்டோம். பீங்கான், களிமண் தொழிலுக்குப் பேர் பெற்ற ஊர் அது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு களிமண்ணும் கிடைக்கிறது. அங்கே ஒரு சூளையில் வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவர் இரண்டு நாள் எங்களைக் கூட வைத்துக் கொண்டு எல்லாவற்றையும் காட்டினார். பின்னர் வேறு சில சூளைகளையும் பார்த்தோம். அங்கே கற்றதை மளிகைக்காரர் பாஷையில் சொல்ல முயலுகிறோம்.

மண்ணில் தொடங்கும் தரம்

சாதாரணச் செங்கல் மண்ணில் இரும்பும் சுண்ணாம்பும் உப்புச் சத்துகளும் மிகுதி. அதனால் சுமார் 1,100 டிகிரியிலேயே பல மண்கள் இளகத் தொடங்கிவிடும். தீச்செங்கல் மண் வேறு. அதில் அலுமினா, சிலிக்கா என்ற இரண்டும்தான் முக்கியம். கலப்பில்லாத வெள்ளைக் களிமண்ணில் அலுமினா நூற்றுக்கு 39½ பங்கும், சிலிக்கா 46½ பங்கும், மண்ணோடு இரசாயனமாகக் கட்டுண்ட நீர் 14 பங்கும் இருக்கும். அந்த மண் உருக 1,750 டிகிரிக்கு மேல் வேண்டும். அதில் இரும்புத் துருவும் பொட்டாஷும் சோடாவும் சிறிது கலந்தாலும் உருகும் சூடு மளமளவென்று இறங்கிவிடும். பாலில் ஒரு துளி மோர் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஆகவே முதல் சோதனை மண் லாரி வந்து நிற்கும் இடத்திலேயே. நல்ல சூளையில் ஒவ்வொரு லாரியிலும் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அதில் சிறு பட்டைகள் அச்சடித்து, அதன்மேல் சரியாகப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு கீறுகிறார்கள். காய்ந்த பின் ஒரு முறை, சுட்ட பின் ஒரு முறை அந்த இடைவெளியை அளக்கிறார்கள். மண் எவ்வளவு சுருங்கும் என்பது அதில் தெரிந்துவிடும். சுட்ட நிறத்தைப் பார்த்தால் இரும்புக் கலப்பு தெரியும். போன லாரிக்கும் இந்த லாரிக்கும் வித்தியாசம் இருந்தால் அந்த மண்ணைத் தனியாகக் கொட்டி வைக்கிறார்கள். நோட்டில் எழுதி வைக்கிறார்கள். "குழி மாறினால் மண் மாறும், மண் மாறினால் கல் மாறும்" என்றார் மேஸ்திரி.

நொறுக்கு, சல்லடை, ஈரம்

பச்சை மண்ணை மட்டும் வைத்துக் கல் செய்தால் காயும்போதும் வேகும்போதும் சுருங்கி வெடித்துவிடும். அதனால் முன்பே சுட்டு நொறுக்கிய மண்ணைச் சேர்க்கிறார்கள். இதற்குச் சூளையில் குரோக் என்று பெயர். ஒருமுறை சுருங்கி முடித்தது மறுபடி சுருங்காது அல்லவா? அந்தத் தத்துவம்தான். இந்த நொறுக்கைப் பெருவெட்டு, நடுத்தரம், பொடி என்று சல்லடை போட்டுப் பிரித்து, கணக்காகக் கலக்க வேண்டும். பெரிய பருப்புக்கு இடையில் சிறிய பருப்பும், அதற்கு இடையில் குருணையும் போட்டால் மூட்டை இறுகி நிற்பதுபோல், கல்லும் இறுகி வரும். சல்லடை கிழிந்திருந்தால் அன்றைய கலவை முழுவதும் கெட்டது. ஆகையால் தினமும் காலையில் முதல் வேலை சல்லடையைப் பார்ப்பது. நொறுக்கும் இயந்திரத்திலிருந்து விழும் இரும்புத் தூளைக் காந்தம் வைத்து எடுக்கிறார்கள். அந்தத் தூள் உள்ளே போனால் வெந்த கல்லில் கரும்புள்ளியாகத் தெரியும். அந்த இடம்தான் முதலில் உருகும்.

அடுத்தது ஈரம். இயந்திர அச்சில் அழுத்தும் கலவைக்கு நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு நீர் போதும். 100 கிராம் கலவையை நிறுத்து, 110 டிகிரியில் காய வைத்து, மறுபடி நிறுத்தால் ஈரம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். நெல்லிலும் மஞ்சளிலும் ஈரம் பார்க்கும் நமக்கு இது புதிதல்ல.

அச்சில் ஓர் அவசரம் உண்டு. ஒரே அழுத்தாக அழுத்தினால் உள்ளே காற்று சிக்கிக் கொள்ளும். கல் வெளியே வந்ததும் அந்தக் காற்று விரிந்து, உள்ளே ஏடு ஏடாகப் பிரிவு விழும். கண்ணுக்குத் தெரியாது. அடுப்பில் வைத்த பின் வெங்காயம் உரிவதுபோல் உரியும். எனவே ஒருமுறை அழுத்தி, சற்று விட்டு, காற்றுப் போன பின் மறுபடி அழுத்த வேண்டும். கூலி கல் எண்ணிக்கைக்கு என்றால் இந்தச் சற்று விடுதலை யாரும் செய்ய மாட்டார்கள். நல்ல சூளைக்காரர் நாள் கூலியும் கொடுத்து, நல்ல கல்லுக்குத் தனியாக ஊக்கமும் கொடுக்கிறார். தரக் கட்டுப்பாடு என்பது இயந்திரத்தில் மட்டும் இல்லை, கூலி கொடுக்கும் முறையிலும் இருக்கிறது என்பதை அங்கேதான் கண்டோம்.

சூளையில் திருடப்படும் நாள்

காய்ந்த கல்லைச் சூளையில் அடுக்கி மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். முதலில் மேல் ஈரம் போகும். 450 முதல் 600 டிகிரிக்குள் மண்ணோடு கட்டுண்ட நீர் போகும். இதற்கு நடுவில் 573 டிகிரியில் மணல்சத்துத் துகள்கள் திடீரென்று விரியும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் கல் வெடிக்கும். இறக்கும்போதும் அதே இடத்தில் அவை சுருங்கும். அங்கும் நிதானம் வேண்டும். கடைசிச் சூடு மண்ணைப் பொறுத்து 1,250 முதல் 1,350 டிகிரி வரை. அந்தச் சூட்டுக்குப் போனால் மட்டும் போதாது, அங்கே பல மணி நேரம் நிறுத்த வேண்டும். அப்போதுதான் கல்லின் நடுவுக்கும் சூடு சேரும்.

இங்கேதான் திருட்டு நடக்கிறது. கரி விலை ஏறும்போது, நிறுத்த வேண்டிய நேரத்தைக் குறைத்து ஒரு நாள் முன்னதாகவே சூளையைப் பிரித்துவிடுவார்கள். வெளியே வெந்த மாதிரி இருக்கும். உள்ளே வேகாத கல். அப்படிப்பட்ட கல், வாங்கியவர் அடுப்பில் போய்த்தான் மீதியை வேகும். அங்கே சுருங்கும், வெடிக்கும். நுண்துளை மிகுந்திருப்பதால் சாம்பலில் உள்ள பொட்டாஷ் உள்ளே ஊறி, கண்ணாடிபோல் உருகி, சுவரை இளக்கிவிடும். எங்களிடமிருந்து போன கல்லுக்கு நேர்ந்தது இதுதான். உடைந்த துண்டை எடுத்துப் போய் மேஸ்திரியிடம் காட்டினோம். உள்ளே ஓரம் ஒரு நிறம், நடுவில் கருத்த இதயம். பார்த்தவுடன், "இது வேகலைங்க. மண்ணும் கலப்பு" என்றார். எங்கள் கடை வாசலில் ஒரு சுத்தியால் தெரிந்து கொண்டிருக்க வேண்டியதை நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்த் தெரிந்து கொண்டோம்.

சூளைக்குள் எல்லா இடத்திலும் சூடு ஒன்றாக இராது. தீவாய்க்கு அருகில் ஒரு சூடு, மூலையில் ஒரு சூடு. அதனால் நல்ல சூளையில் பல இடங்களில் சூட்டுக் கூம்புகளை வைக்கிறார்கள். குறிப்பிட்ட சூட்டில் தலை சாயும்படி மண் கலந்து செய்த சிறு கூம்புகள் இவை. ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் என்ற நிபுணர் 1886 ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இது. சாய்ந்து நிற்கும் கூம்பைப் பார்த்தால் அந்த மூலைக்குச் சூடு சேர்ந்ததா என்பது தெரியும். மின்சார வெப்பமானிகள் வந்த பிறகும் கூம்பை யாரும் விட்டுவிடவில்லை.

பரிசோதனைக் கூடத்தில்

வெந்து வந்த கல்லை இந்தியத் தர நிர்ணயப்படி சோதிக்கிறார்கள். நடுத்தரச் சூட்டுக் கல்லுக்கு ஐ.எஸ். 6, மிகு சூட்டுக் கல்லுக்கு ஐ.எஸ். 8, சோதனை முறைகளுக்கு ஐ.எஸ். 1528 என்ற வரிசை. வியாபாரிகள் அறிய வேண்டிய சோதனைகளை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று, நுண்துளை அளவு. ஒரு துண்டை உலர்ந்த நிலையில் நிறுக்கிறார்கள், 1,000 கிராம் என்று வையுங்கள். தண்ணீரில் கொதிக்க வைத்து ஊற விட்டு, தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்கிறார்கள், 600 கிராம். வெளியே எடுத்து ஈரத்தைத் துடைத்து நிறுக்கிறார்கள், 1,100 கிராம். குடித்த தண்ணீர் 100 கிராம். 1,100க்கும் 600க்கும் உள்ள வித்தியாசம் 500, அதுதான் துண்டின் கன அளவு. 500க்கு 100 என்றால் நுண்துளை நூற்றுக்கு 20. ஒரு தராசும் ஒரு சட்டியும் போதும், கல்லின் உள்விஷயம் வெளியே வந்துவிடும்.

இரண்டு, நசுக்கு வலிமை. கல்லை இயந்திரத்தில் வைத்து நொறுங்கும் வரை அழுத்துவது. சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ தாங்கும் கல் என்றால், 9 அங்குலத்துக்கு 4½ அங்குலம் உள்ள முழுக் கல் படுக்கையில் சுமார் 52 டன் தாங்குகிறது என்று அர்த்தம். வேகாத கல் இதில் உடனே அகப்பட்டுக் கொள்ளும்.

மூன்று, உருகு சூடு. கல்லைப் பொடியாக்கிக் கூம்பு செய்து, அளவுக் கூம்புகளோடு உலையில் வைத்து, எதோடு சேர்ந்து தலை சாய்கிறது என்று பார்ப்பது. சான்றிதழில் "ஆர்ட்டன் 30" என்றிருந்தால் சுமார் 1,665 டிகிரி என்று பொருள்.

நான்கு, சுமையோடு சூடு. வெறுமனே உருகாமல் இருந்தால் போதாது. சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ பாரத்தை ஏற்றிவைத்துச் சூடேற்றினால் எந்தச் சூட்டில் கல் அமுங்கத் தொடங்குகிறது என்பது இது. உருகு சூட்டைவிட இது எப்போதும் குறைவாகவே இருக்கும். கொப்பரைச் சுமை தாங்கும் சுவருக்கு இந்த எண்தான் உயிர்.

ஐந்து, மறுசூட்டுச் சுருக்கம். வெந்த கல்லை மறுபடி அதிகச் சூட்டில் பல மணி நேரம் வைத்து, நீளம் மாறுகிறதா என்று அளப்பது. சரியாக வெந்த கல் இதில் அதிகம் அசையாது. ஆறு, சூடு குளிர் மாற்றம். சூடாக்கிக் குளிரவைத்து, மறுபடி சூடாக்கி, எத்தனை தடவையில் கல் செதிலாக உதிர்கிறது என்று எண்ணுவது.

எந்த அடுப்புக்கு எந்தக் கல்

விலை கூடிய கல்தான் நல்ல கல் என்பது இன்னொரு தவறு. ரொட்டி அடுப்பில் சூடு அவ்வளவு கடுமை இல்லை. ஆனால் தினமும் ஏறி இறங்கும். அங்கே சூடு குளிர் மாற்றத்தைத் தாங்கும் கல்லும், வளைவு கட்டுவதற்கு அளவு மாறாத கல்லும் வேண்டும். வெல்ல ஆலையிலும் உமி எரிக்கும் அரிசி ஆலைப் பாய்லரிலும் சாம்பல் கல்லைத் தின்னும். அங்கே நுண்துளை குறைந்த, இறுகிய கல் வேண்டும். இரும்பு உருக்கும் வார்ப்படத்துக்கு வேறு கல். சூடு வெளியே போகாமல் காக்கப் பின்சுவரில் வைக்கும் கல்லோ வேண்டுமென்றே துளைகளோடு செய்யப்படுவது. அதை நெருப்பு முகத்தில் வைத்தால் சீக்கிரம் அழிந்துவிடும். எங்கள் சேலத்தில் சுண்ணாம்புக் கரட்டில் எடுக்கும் மேக்னசைட்டில் செய்யும் கல் உருக்கு உலைக்குப் பேர் பெற்றது. அதற்காக அதை வெல்ல அடுப்பில் வைப்பது வீண் செலவு.

கல் நன்றாக இருந்தும் கட்டுவதில் கெடுவதும் உண்டு. சாதாரண சிமெண்ட் சாந்து அந்தச் சூட்டில் பொடிந்துவிடும். தீக்களிமண் சாந்தைத்தான் மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். புது அடுப்பை நிழலில் காயவிட்டு, சில நாள் சிறு தீ போட்டு, பிறகே முழுத் தீ போட வேண்டும். கல்லை வெட்டும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடிக் கொண்டு, நனைத்து வெட்டச் சொல்லுங்கள்.

எங்கள் கடை வழக்கம்

1999 முதல் எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இது எங்கள் அனுபவ முறைதான், பரிசோதனைக் கூடத்துக்கு மாற்று அல்ல.

லாரி வந்ததும் மேலே, நடுவே, அடியே, பின்மூலை என்று 20 கல் எடுக்கிறோம். மூட்டைக்கு மூன்று இடத்தில் குத்தூசி போடுகிறோமே, அதே முறை. சூளைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மாதிரிக் கல்லை வாங்குவதில்லை. இருபதையும் டேப் வைத்து அளக்கிறோம். சமப் பலகைமேல் வைத்து ஆடுகிறதா என்று பார்க்கிறோம். தராசில் வைக்கிறோம். ஒரே அளவுக் கல் ஒன்று 4 கிலோவும் மற்றொன்று 3½ கிலோவுமாக இருந்தால், கலவையோ அழுத்தமோ சரியில்லை. ஒன்றோடொன்று தட்டுகிறோம். வெந்த கல் மணிபோல் ஒலிக்கும். வேகாததும் விரிசல் விட்டதும் மொத்தென்று ஒலிக்கும். இரண்டு கல்லை உடைத்து உள்நிறம் ஒன்றாக இருக்கிறதா, கரும்புள்ளியோ ஏடோ இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

மூன்று கல்லை உலர நிறுத்து, இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு நிறுக்கிறோம். 4 கிலோ கல் 400 கிராம் தண்ணீர் குடித்தால் ஏற்றுக் கொள்கிறோம். 600 கிராம் குடித்தால் லாரி திரும்பிப் போகிறது. இவ்வளவுக்கும் அரை நாள் ஆகும். ஐந்து கல் கழிவு. அந்தக் கழிவைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சூளையின் சுடு எண், தேதி, அந்தச் சுட்டுக்குரிய பரிசோதனைச் சான்று ஆகிய மூன்றும் இல்லாமல் கல்லை இறக்குவதில்லை. போன வருடத்துச் சான்றை இந்த வருடத்துக் கல்லுக்குக் காட்டுவோர் உண்டு. தேதியைப் பாருங்கள். விற்கும்போது, எந்த அடுப்புக்கு, எந்தச் சுட்டின் கல் என்று பில்லிலேயே எழுதுகிறோம். ஓரிடத்தில் குறை வந்தால் அதே சுட்டின் கல் வேறு யார் யாரிடம் போயிருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்து எச்சரிக்க முடிகிறது. 1998இல் அதைச் செய்ய எங்களுக்கு எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் வேறு எங்கே கொப்பரை சாயுமோ என்ற பயத்தில் தூக்கமில்லை.

சட்டத்தையும் அறிந்து வைத்துக் கொள்வது நல்லது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் குறைபாடுள்ள பொருளால் வரும் கேட்டுக்குச் சில சந்தர்ப்பங்களில் விற்பவரும் பொறுப்பாவார். தயாரித்தவர் யார் என்று காட்ட முடியாவிட்டாலும், தயாரித்தவர் சொல்லாத உத்தரவாதத்தை நாமாக வாயால் கொடுத்துப் பொருள் அதற்கு மாறாக இருந்தாலும் பொறுப்பு நம்மேல் வரலாம். "பத்து வருசம் அசையாதுங்க" என்று கல்லாவில் உட்கார்ந்து சொல்வதற்கு முன் இதை நினைத்துக் கொள்ள வேண்டும். வாங்குபவர் வணிக நோக்கத்துக்கு வாங்கினால் அவர் நுகர்வோர் அல்ல என்பது பொது விதி. ஆனால் தம் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. சிறிய ரொட்டிக் கடைக்காரரும் பொரி வறுப்பவரும் இதில் வரக் கூடும்.

மளிகை வியாபாரத்துக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது என்று நினைக்கிறோம். கல் சூளையில் ஒன்பது இடத்தில் சோதனை நடந்தாலும், பத்தாவது இடம் மொத்த வியாபாரியின் கடை வாசல். அங்கே விலையை மட்டும் பார்த்துவிட்டால் முன்னால் நடந்த ஒன்பதும் நடந்ததா இல்லையா என்று தெரியாமலே போய்விடும். மிளகாய்த் தூளானாலும் எண்ணெயானாலும், ஏன் முறத்தில் கொட்டும் பருப்பானாலும் இதுவே நிலைமை. நம்மைத் தாண்டிப் போனால் பிறகு அது ஒருவர் வீட்டில்தான் போய் நிற்கும்.

அந்த ஆலைக்காரர் இன்று இல்லை. அவருடைய மகன் ஆலையை நடத்துகிறார். இப்போதும் எங்களிடம்தான் கல் வாங்குகிறார். வந்தவுடன் விலை கேட்பதில்லை. "நோட்டைக் காட்டுங்கண்ணா" என்பார். சுடு எண், எடை, தண்ணீர் கணக்கு எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, அவராகவே இரண்டு கல்லை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை.

நமது சங்க உறுப்பினர்களில் யாருக்காவது ரொட்டி அடுப்போ, கடலை வறுக்கும் உலையோ, ஆலையோ புதிதாகக் கட்டும் எண்ணம் இருந்தால், எங்கே கல் வாங்கினாலும் சரி, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வரும்போது கடைக்கு வாருங்கள். ஒரு சட்டியும் தராசும் வைத்துக் கல்லைச் சோதிக்கும் முறையை அரை மணி நேரத்தில் காட்டிக் கொடுக்கிறோம். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை. காபி எங்கள் செலவு.